கடைசி செமஸ்டரில் புது டிஏ வேலை

தீசிஸ் முடிக்கிற நேரத்தில் வேறு துறையில் டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட், அதாவது பேராசிரியருக்குப் பாடம் நடத்தவும் திருத்தவும் உதவும்) வேலை வந்திருக்கிறது, ஏற்கலாமா என்கிறீர்கள். தாராளமாக. ஆனால் எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை எல்லாம் சேர்த்தே வாரம் 20 மணி நேரம்தான். நூலகத்தில் ஏற்கெனவே 8 மணி நேரம் பார்க்கிறீர்களே. டிஏ 20 மணி நேரம் என்றால் நூலகத்தை விட்டே ஆக வேண்டும். கல்விக் கட்டணத் தள்ளுபடி டிஏ நியமனக் கடிதத்திலேயே இருக்கிறதா, மற்ற ஃபீஸ் உங்கள் தலையிலா என்றும் பாருங்கள்.

அப்புறம், டிஃபென்ஸ் (தீசிஸுக்கான வாய்மொழித் தேர்வு) தேதியை முதல் வாரமே அந்தப் பாடம் நடத்தும் பேராசிரியரிடம் சொல்லி, அந்த வாரம் திருத்தும் வேலை வராதபடி பேசிக்கொள்ளுங்கள். லேப் ரிப்போர்ட் மேசையில் குவிந்த பிறகு கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். போன வருட விடைக்குறிப்பு இருந்தால் இப்போதே வாங்கி வையுங்கள், பாதி வேலை மிச்சம்.