தென்னாப்பிரிக்காவின் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏன் தனித்துப் பேசப்படுகிறது?
மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்பது நாட்டில் எத்தனை பேர், எங்கே, எவ்வாறு வாழ்கிறார்கள் என்று எண்ணுவது. அதில் தனிமனிதரின் பெயர் பொதுவாக வெளிப்படுவதில்லை. தென்னாப்பிரிக்காவிலோ, 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் வெள்ளையர், கலப்பினத்தவர், பூர்வகுடியினர் என்று பிரித்துப் பதிவேட்டில் ஏற்றக் கட்டளையிட்டதால், 1951 கணக்கெடுப்பின் விவரங்களே அப்பதிவேட்டுக்கு அடித்தளமாயின. எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம் என்பதை இனம் தீர்மானித்த நாட்டில், நிறவெறிச் சட்டங்களைச் செயல்படுத்த அரசுக்கு அப்பதிவேடு தேவைப்பட்டது. நோய்த் தடுப்புக்காக என்று சொல்லி வீடுவீடாகக் குறித்த பட்டியலைக் கொண்டே பின்னர் வீட்டைக் காலி செய்யச் சொல்வதைப் போன்றது இது. என் பார்வையில், பெரும் நம்பிக்கைத் துரோகம். தோற்றத்தையும் ஊரார் ஏற்பையும் வைத்தே இனம் முடிவானதால், ஒரே குடும்பத்தினர்கூட வெவ்வேறு பிரிவுகளில் விழுந்தனர். அச்சட்டம் 1991இல்தான் நீக்கப்பட்டது.
இனவாரிக் கணக்கே 1951இல்தான் தொடங்கியது என்று பலர் எண்ணுவது சரியன்று. 1911 கணக்கெடுப்பிலேயே அது இருந்தது, 1951க்குப் பிறகு அது ஒவ்வொருவர் பெயரோடும் சட்டப்படி பிணைக்கப்பட்டது.