செருப்பு மிதந்த கதை

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு. கட்டுரை என்றால் இரண்டு வரியோடு பேனாவை மூடிவிடுகிறான். வீட்டில் எழுதப் பழக்க, நல்ல மாதிரிக் கட்டுரைப் புத்தகம் ஒன்று சொல்லுங்களேன். (ஒரு தாய், மதுரை)

பதில்: சொல்ல மாட்டேன். அவன் பேனாவை மூடுவதே அந்த மாதிரிப் புத்தகங்களால்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் 'மழை' பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். 'மழை இயற்கையின் கொடை. மழை இன்றி உலகம் இல்லை.' அவ்வளவுதான், பேனா நின்றுவிட்டது. நேற்றுப் பெய்ததே, என்ன நடந்தது என்று கேட்டேன். "அப்பா செருப்பு ஒண்ணு சாக்கடையில மிதந்து போச்சு அங்கிள், ஒத்தச் செருப்போட அதத் துரத்திக்கிட்டு ஓடுனாரு, நான் சிரிச்சேன், முதுகுல ஒண்ணு விழுந்துச்சு!" மூச்சு விடாமல் சொன்னான். அதை எழுதேன்டா என்றேன். "அதெல்லாம் எழுதக் கூடாது அங்கிள், மிஸ் திட்டுவாங்க."

விஷயம் இல்லாமல் இல்லை, பாருங்கள். வாயில் இருப்பது ஒரு தமிழ், நோட்டில் கேட்பது இன்னொரு தமிழ். நடுவில் பிள்ளை திணறுகிறது. முதலில் பேசுகிற மாதிரியே எழுதவிடுங்கள். அப்புறம் உட்கார்ந்து மாற்றுங்கள். 'ஞ்சு' வரும் இடத்தில் பெரும்பாலும் 'ந்து' போடலாம்: தெரிஞ்சு, தெரிந்து. 'ச்சு'வுக்கு 'த்து': சிரிச்சு, சிரித்து. போச்சு, வந்துச்சு போலச் சில சொற்கள் இதில் அடங்காது. அவற்றைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு.

சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நாள் ஒளித்து வையுங்கள். முதல் தடவை படிக்கும்போது ல, ள, ழ பார்க்காதீர்கள். செருப்பு கிடைத்ததா என்று கேளுங்கள். ஒற்றுப் பிழையைத் திட்டித் திருத்த முடியாது. 'வேலை கொடு', 'வேலைக் கொடு' இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். முதலாமவன் சம்பளத்துக்கு அலைகிறான். இரண்டாமவன் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறான். கையெழுத்து வேறு கதை, அதற்கு இரட்டைக் கோடு நோட்டு இருக்கிறது.

சரி, நீங்கள் கடைசியாகத் தமிழில் ஒரு பக்கம் எழுதியது எப்போது? மளிகைச் சீட்டைக்கூட வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பும் வீட்டில், எழுத்து என்பது மார்க் வாங்கும் வேலை என்றுதானே பிள்ளை நினைக்கும்?

ஐம்பது பைசாவுக்கு அஞ்சலட்டை வாங்கி, செருப்புக் கதை மாதிரி ஏதாவது ஒன்றை ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு எழுதச் சொல்லுங்கள். அவர் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர் என்றால், துதிக்கை வைத்த பழைய 'லை' போட்டுப் பதில் எழுதினாலும் எழுதுவார். "இது என்னம்மா எழுத்து?" என்று பையன் அட்டையோடு அடுப்படிக்கு வருவான். அடுப்பை அணைத்துவிட்டுச் சொல்லிக்கொடுங்கள்.