யார் விரலை வைத்து அளந்தார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருவிகளும் செயலிகளும் மனிதர்களிடம் ஓரவஞ்சனை செய்கின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. எங்கள் நிரலில் சாதி, மதம் என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. இல்லாத தகவலை வைத்து எப்படிப் பாகுபாடு காட்ட முடியும்? 2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா வந்தபோது, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 91 காட்டியதால்தான் மருத்துவமனைக்கு ஓடினோம், பிழைத்தார். நுரையீரல் பலவீனத்தால் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார். அந்தக் கருவிக்கு அவருடைய நிறம் தெரியாது. வெளிச்சமும் கணக்கும்தான் தெரியும். மனிதர்களின் அழுக்கை இயந்திரத்தின்மேல் ஏன் பூசுகிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

அப்பா மீண்டு வந்ததில் மகிழ்ச்சி. அந்த மே மாதத்தில் ஆக்சிமீட்டர் பல வீடுகளுக்குச் செய்த உதவியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நீங்கள் சாட்சிக்கு அழைத்த அந்தக் கருவியே உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

ஆக்சிமீட்டர் விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும். ஆக்சிஜன் குறைந்தால் இது மாறும். தோலும் எலும்பும்கூட ஒளியை உறிஞ்சுமே, அதற்கு என்ன செய்வது? 1970களில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி அதற்கு அருமையான வழி கண்டார். தோல் துடிப்பதில்லை, தமனி ரத்தம்தான் துடிக்கிறது. துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தோலின் பங்கு தானாகக் கழிந்துவிடும். நீங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதையேதான். கோட்பாட்டளவில் சரி.

ஆனால் விரலுக்குள் ஒளி சிதறுகிறது. அதனால் கோட்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு சரியான எண்ணைச் சொல்ல முடியாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைக்கிறார்கள். தமனியிலிருந்து ரத்தம் எடுத்து உண்மையான அளவைப் பார்க்கிறார்கள். எந்த ஒளி விகிதத்துக்கு எந்த அளவு என்று பொருத்திப் பார்த்துக் கருவிக்குள் ஏற்றுகிறார்கள். உங்கள் அப்பா விரலில் தெரிந்த 91, முன்பின் தெரியாத சிலரின் விரல்களிலிருந்து வந்த எண். அந்தச் சிலரில் பெரும்பாலோர் வெளிர் நிறத்தவர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் தந்த வழிகாட்டுதலே பத்துப் பேரைச் சோதித்தால் போதும் என்றது. அவர்களில் இரண்டு பேராவது கருந்தோல் கொண்டவர்களாக இருக்கட்டும் என்றது. உலகம் முழுதும் விற்கும் கருவிக்கு இரண்டு பேர்!

விளைவு என்ன? மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில் தமனி ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். உண்மையான அளவு 88க்கும் கீழே கிடந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீத வேளைகளில், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீத வேளைகளில். அதாவது மூச்சுத் திணறும் ஒருவரைப் பார்த்து, உனக்கு ஒன்றுமில்லை என்று கருவி சொல்கிறது. அப்படிச் சொல்லும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு மூன்று மடங்கு. 2022இல் வந்த இன்னொரு ஆய்வில் ஆசியர்களிடமும் கருவி அளவைக் கூட்டிக் காட்டுவது தெரிந்தது. கோவிட் சிகிச்சைக்குத் தகுதியான நிலையை அடைந்தும் அது கண்டறியப்படத் தாமதமான கறுப்பின, ஹிஸ்பானிய நோயாளிகளையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது.

இது 2020இல் திடீரென்று தெரிய வந்ததும் அல்ல. 1990லேயே அமல் ஜூப்ரான், மார்ட்டின் டோபின் என்ற இரு மருத்துவர்கள், கறுப்பின நோயாளிகளிடம் இந்த அளவீடு கூடுதலாகத் தவறுகிறது என்று எழுதிவிட்டார்கள். அதன் பிறகு முப்பது ஆண்டுகள்! எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். கருவி செய்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அயோயாகியை நான் வணங்குகிறேன். ஆனால் பிழை யார் உடம்பில் நிகழ்கிறதோ அவர்கள் அறையில் இல்லாததால், அதைத் திருத்தும் அவசரம் யாருக்கும் வரவில்லை. பாகுபாட்டுக்குப் பகை தேவையில்லை, இந்த மெத்தனமே போதும். 2025 ஜனவரியில்தான், 150 பேருக்குக் குறையாமல் எல்லா நிறத்தவரையும் சேர்த்துச் சோதியுங்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது.

அப்பா விஷயத்தில் ஒன்று. கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். நன்றாக இருக்கும் நாட்களில் அவருக்கு என்ன எண் வருகிறது என்று குறித்து வையுங்கள். அதிலிருந்து இறங்கினால் கவனியுங்கள். மூச்சு வாங்கினால், 95 காட்டுகிறதே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் தமனி ரத்தத்தையே எடுத்துப் பார்ப்பார்கள்.

இனி, உங்கள் நிரலில் சாதிக்குக் கட்டம் இல்லை என்பது. அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்கும் ஒரு மென்பொருள் இருந்தது. அதிலும் இனத்துக்குக் கட்டமில்லை. ஒரு நோயாளிக்கு எவ்வளவு செலவாகும் என்பதை வைத்து அவர் நோயின் கடுமையை அது கணித்தது. கறுப்பின மக்களுக்கு அங்கே நெடுங்காலமாகச் செலவு செய்யப்படுவதே குறைவு. ஆகவே அதே அளவு நோயுள்ளவர் கறுப்பினத்தவர் என்றால் ஆரோக்கியமானவராகத் தெரிந்தார். 2019இல் ஆய்வாளர் ஜியாட் ஓபர்மேயர் குழுவினர் கணக்கிட்டபடி, இந்தக் கோணலை நீக்கினால் கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும். கட்டம் இல்லாததால் பாகுபாடு மறையவில்லை. பார்க்க ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான்.

உங்கள் விண்ணப்பத்தில் பின்கோடு இருக்கிறதா? நம் ஊர்களில் யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைச் சாதி எத்தனை தலைமுறையாகத் தீர்மானித்து வந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கடன் பதிவுகளைக் கொண்டு மென்பொருளைப் பயிற்றுவித்தீர்களா? அந்தக் காலத்தில் வங்கிப் படியேற முடியாதவர்களின் பதிவே அதில் இருக்காது. நீங்கள் சாதி பார்ப்பதாக நான் சொல்லவில்லை. ஒரே வருமானம், ஒரே திருப்பிச் செலுத்தும் ஒழுங்கு உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, பின்கோடு வாரியாக எத்தனை பேரை மென்பொருள் நிராகரித்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆண், பெண் என்று பிரித்தும் பாருங்கள். என்ன கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள். நீங்கள் சொல்வதே சரி என்று வந்தால் அதையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.