கேள்வி–பதில்: சுண்டெலிக் கண் தப்பியது எப்படி?

கேள்வி: புற்று வராமல் தடுக்கும் ஆர்பி மரபணுவின் ஒரு பிரதி பழுதாகப் பிறக்கும் குழந்தைக்கு விழித்திரைப் புற்று வருகிறது. அதே பழுதுள்ள சுண்டெலிக்குக் கண்ணில் வருவதில்லையாமே? பிறகு எலியை வைத்து ஆராய்ந்து என்ன பயன்?

பதில்: வராததால்தான் பல விஷயங்கள் தெரியவந்தன. 1992இல் மூன்று குழுக்கள் ஆர்பியை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கின. இரு பிரதிகளும் இல்லாத கரு 13 முதல் 15 நாளுக்குள் இறந்துவிடுகிறது. ஒரு பிரதி உள்ளவை பிறந்து வளர்கின்றன. ஆனால் அவற்றுக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வருகிறது. அந்தக் கட்டியில் மிச்சமிருந்த நல்ல பிரதியும் போயிருக்கும். இரண்டும் போனால்தான் கட்டி என்று மரபியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் குழந்தைகளின் நோய்க் கணக்கை வைத்துச் சொன்னது எலியிலும் சரியாக இருந்தது.

கண் தப்பியதற்குக் காரணம், ஆர்பியின் குடும்பத்தைச் சேர்ந்த பி107 என்ற இன்னொரு மரபணு. எலி விழித்திரையில் ஆர்பி போனதும் பி107 கூடுதலாக உற்பத்தியாகி அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. 1998இல் இரண்டையும் நீக்கிப் பார்த்தபோது எலிக் கண்ணிலும் கட்டி வந்தது.

கேள்வி: கரு இறந்துவிடும் என்றால், ஓர் உறுப்பில் மட்டும் மரபணுவை நீக்குவது எப்படி? எங்கே சறுக்கும்?

பதில்: மரபணுவின் முக்கியமான பகுதிக்கு இருபுறமும் 34 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள லாக்ஸ்-பி என்ற தொடரைச் செருக வேண்டும். கிரீ என்ற நொதி அவ்விரண்டுக்கும் இடைப்பட்டதை வெட்டி எடுத்துவிடும். கிரீ எந்தத் திசுவில் உற்பத்தியாகிறதோ அங்கே மட்டும் மரபணு போகும்.

இரு பிரதியிலும் லாக்ஸ்-பி உள்ள எலியைக் கிரீயை உற்பத்தி செய்யும் எலியோடு இணைத்து, கிரீ வந்த குட்டியை மறுபடி லாக்ஸ்-பி எலியோடு இணையுங்கள். நாலில் ஒன்று உங்களுக்கு வேண்டியது: இரு பிரதியிலும் லாக்ஸ்-பி, கூடவே கிரீ. எட்டுக் குட்டி ஈன்றால் சராசரியாக இரண்டு. கிரீயும் உங்கள் மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது.

குட்டியின் வால் நுனி டி.என்.ஏ.வைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, துண்டுகளை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் கூழில் ஓடவிடும்போது லாக்ஸ்-பி பட்டை இயல்பான பட்டையைவிடச் சற்று மேலே நிற்கும். வெட்டுப்பட்ட மரபணுவின் பட்டையும் வாலிலேயே தெரிந்தால், கிரீ இனப்பெருக்கச் செல்லிலோ தொடக்கக் கருவிலோ கசிந்திருக்கிறது. அந்தக் குட்டியைச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

கட்டியில் வெட்டுப்படாத பட்டை தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம். கட்டிக்குள் ரத்தக்குழாய்ச் செல்களும் நோயெதிர்ப்புச் செல்களும் இருக்கும். பட்டை அவற்றுடையதாக இருக்கலாம். திசுவைச் சீவி, ஆர்பி புரதத்துக்குச் சாயமேற்றி, புற்றுச் செல்லிலேயே புரதம் இல்லையா என்று பாருங்கள்.

கிரீ அதிகமானால் அதுவே டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். ஆகவே லாக்ஸ்-பி இல்லாமல் கிரீ மட்டும் உள்ள எலிகளும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். அவையும் அதே மரபு வழியில் வந்தவையாக இருக்க வேண்டும்.