எக்ஸ்மூர் மட்டக்குதிரையின் முதுகில் உருகாத வெண்பனி: போர்வை வேண்டுமா?

போர்வை வேண்டாம். இரவெல்லாம் வெளியில் நின்ற உங்கள் எக்ஸ்மூர் மட்டக்குதிரையின் முதுகில் காலைவரை வெண்பனி உருகாமல் கிடந்தது என்றால், உடற்சூடு வெளியே கசியவில்லை என்றே பொருள்.

தென்மேற்கு இங்கிலாந்தின் மேட்டுநிலத்துக்கு உரிய இந்த இனத்துக்குக் குளிர்காலத்தில் ஈரடுக்கு மயிர் வளரும். அடியிலுள்ள கம்பளி போன்ற மென்மயிர் காற்றைப் பிடித்துவைக்க, மேலுள்ள நீண்ட, எண்ணெய்ப்பசை கொண்ட மயிர் நீரை வடித்துவிடும். வால் தொடங்குமிடத்தில் விசிறிபோல் விரியும் குட்டை மயிரும் மழைநீரை வழித்துவிடத்தான். எவ்வளவு நேர்த்தியான அமைப்பு! போர்வையோ மயிரை அழுத்தி அந்தக் காற்றை வெளியேற்றிவிடும்.

தோளுக்குப் பின்னால் மயிருக்குள் விரல்களை நுழைத்துத் தோலைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை; உலர்புல் மட்டும் தாராளமாகக் கொடுங்கள்.

முதிர்ந்த, மெலிந்த, நோயுற்ற அல்லது மயிர் கத்தரிக்கப்பட்ட குதிரைக்கு இது பொருந்தாது. தோல் ஈரமாக இருந்தாலோ, உடல் நடுங்கினாலோ ஒதுக்கிடத்தில் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.