மாலை போட்டால் மதமா?

கேள்வி: என் கணவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நான் செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் இருக்க மாட்டேன். பதின்மூன்று வருடமாக இது எங்களுக்குள் ஒரு பிரச்சினையாக வந்ததே இல்லை. மகனை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்கப் படிவம் வாங்கி வந்தோம். ‘மதம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதலாமா என்று கேட்டார். அப்போது வீட்டுக்கு வந்திருந்த என் அண்ணன், “நாத்திகமும் ஒரு மதம்தானே மாப்பிள்ளை? செப்டம்பர் 17 வந்தால் நீங்களும் பெரியார் படத்துக்கு மாலை போடுகிறீர்களே” என்று சொல்லிவிட்டார். கணவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அந்தப் படம் சுவரில் இல்லை. கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். படிவம் இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது. அண்ணன் சொன்னது சரிதானா? நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் அண்ணன் கேட்டது யோசிக்க வேண்டிய கேள்விதான். கேட்ட இடமும் கேட்ட விதமும்தான் சரியில்லை. முதலில் கேள்வியைப் பார்த்துவிடலாம்.

நன்னூலில் ‘எழுவகை மதம்’ என்று ஒரு நூற்பா உண்டு. அங்கே மதம் என்றால் சாமியும் கோயிலும் அல்ல. நூல் எழுதுகிறவர் எடுக்கும் நிலை, அவருடைய கொள்கை. பிறர் சொன்னதற்கு உடன்படுவது ஒரு மதம், மறுப்பதும் ஒரு மதம். மணிமேகலையிலும் இப்படித்தான். வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் அவள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர் என்று நீளும் அந்த வரிசையில் பூதவாதியும் இருக்கிறார். கண்முன் தெரிவதைத் தவிர வேறு எதையும் ஏற்காதவர், இந்தப் பிறவியோடு எல்லாம் முடிந்தது என்பவர். அவரையும் சமயக்கணக்கர்களில் ஒருவராகத்தான் சாத்தனார் நிறுத்தியிருக்கிறார். உன் தாய் தந்தையரை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை அவரை மடக்குகிறாள். ஆனால் அவருக்குப் பேச இடம் இருந்தது. எனக்கு அந்தக் காதையில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

அந்தப் பழைய பொருளில் உங்கள் கணவருடையதும் ஒரு மதம் என்று சொன்னால் அவரே மறுக்க மாட்டார். ஆனால் அண்ணன் அந்தப் பொருளில் சொல்லவில்லையே. இன்றைக்கு நாம் மதம் என்று சொல்வது வேறு. பிறந்தால், கல்யாணமானால், இறந்தால் இன்னின்ன சடங்கு என்று ஒரு முறை. செய்யக்கூடாததைச் செய்தால் பாவம் என்ற பயம். யாரும் மாற்ற முடியாத ஒரு வாக்கு. இதற்குக் கடவுள்கூடக் கட்டாயமில்லை. சமணமும் பௌத்தமும் படைத்த கடவுள் என்று ஒருவரை வைக்காமலேயே மதங்களாக இருக்கின்றன. அதனால் ‘சாமி இல்லாதவனுக்கு எப்படி மதம் இருக்கும்’ என்று ஒரே வரியில் இதை முடித்துவிட முடியாது.

நாத்திகம் ஒரே ஒரு கேள்விக்கான பதில். கடவுள் உண்டா என்றால், இல்லை. அவ்வளவுதான். எப்படி வாழ வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும், யாரை மணக்க வேண்டும் என்று அது ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு நாத்திகர்களுக்குள் இந்த ஒன்றைத் தவிர வேறு எதிலும் ஒத்துப்போகாது.

சரி, மாலை? நாம் இறந்துபோன அப்பாவின் படத்துக்கும் மாலை போடுகிறோம், காந்தி படத்துக்கும் போடுகிறோம். மாலையை வைத்து மதத்தை அளக்க முடியாது. வேறு ஒன்றை வைத்து அளக்கலாம். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்று பெரியார் மேடைக்கு மேடை சொன்னார். உங்கள் கணவரிடம் ஒருநாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள், பெரியார் சொன்னதில் எது உங்களுக்கு ஒப்பவில்லை என்று. யோசித்து ஒன்றிரண்டு சொன்னார் என்றால் அது மதமில்லை. அந்தக் கேள்விக்கே கோபப்பட்டால் உங்கள் அண்ணன் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரண்டு விதமான ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தில் இது இன்னும் சிக்கல். என் பெரியம்மாவுக்கு 1961இல் சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், தலைமை தாங்கியவர் பேசினார், சாப்பாடு போட்டார்கள். “உங்கள் மதத்தில் தாலியே கிடையாதா?” என்று தெருவில் கேட்பார்களாம். “எங்களுக்கு மதமே கிடையாதக்கா” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன் என்பார். அதைவிட, இந்தக் கல்யாணம் செல்லாது என்று யாராவது சொத்து விஷயத்தில் கிளப்பிவிடுவார்களோ என்ற பயம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. அண்ணா முதல்வரானதும் 1967இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அதிலேயே இருக்கிறது. அந்தத் திருத்தம் சேர்ந்த இடம் இந்துத் திருமணச் சட்டம், 7ஏ பிரிவு. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவர்களையெல்லாம் பொதுவாக அந்தச் சட்டம் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. மதமே வேண்டாம் என்று கல்யாணம் செய்த பெரியம்மாவுக்கு இந்துச் சட்டத்தில்தான் இடம் கிடைத்தது.

அமெரிக்காவில் வேறு மாதிரி ஒரு வழக்கு. விஸ்கான்சின் சிறையில் ஒரு கைதி, நாத்திகர்கள் கூடிப் படிக்க ஒரு குழு வேண்டும் என்று கேட்டார். இது மதக் குழு இல்லை என்று சிறை நிர்வாகம் மறுத்தது. மதக்காரர்களுக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு இவருக்கும் உண்டு, அந்த அளவில் நாத்திகத்தையும் மதமாகவே கொள்ள வேண்டும் என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கே அந்தச் சொல் ஒரு மனிதனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. உங்கள் வீட்டில் அதே சொல் ஒருவர் வாயை அடைத்துவிட்டது. நம் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு, மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு முன்னால் மனசாட்சிச் சுதந்திரத்தைச் சொல்கிறது. உங்கள் விளக்குக்கும் அவருடைய மறுப்புக்கும் இடம் அங்கேயே இருக்கிறது.

அப்புறம், படிவம். பள்ளிப் பதிவில் சாதி, மதம் இல்லை என்று எழுதவோ, அந்த இடத்தைக் காலியாக விடவோ பெற்றோர் கேட்டால் அனுமதிக்க வேண்டும் என்று 1973இலேயே தமிழக அரசு ஆணை போட்டிருக்கிறது. யாராவது முடியாது என்றால் அந்த ஆணையைக் காட்டுங்கள். ஆனால் சாதி, மத விவரம் பின்னால் இட ஒதுக்கீட்டைத் தொடும். பட்டியல் சாதி என்றால் இந்து, சீக்கியர், பௌத்தர் என்று மதத்தையும் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இது பையனின் படிப்பு. கணவரின் கொள்கையை வைத்தோ, உங்கள் பக்தியை வைத்தோ மட்டும் எழுதிவிடக் கூடாது.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள். கணவரை அனுப்ப வேண்டாம். “நீ கேட்டது தப்பில்லை அண்ணா, அவரை மட்டம் தட்டுவதற்காகக் கேட்டதுதான் தப்பு” என்று சொல்லுங்கள். தங்கை சொன்னால் கேட்பார். அதற்கு முன்னால் அலமாரியில் இருக்கும் அந்தப் படத்தை எடுத்துத் துடைத்து, அவர் வேலையிலிருந்து வருவதற்குள் பழைய இடத்தில் மாட்டிவிடுங்கள். நீங்கள் மாட்டியதாக இருக்கட்டும்.