மீனாட்சி நீலமானது எப்படி? வாசகர் கேள்விகள்

போன இதழ்ல தேர் நிக்கற ஷெட் பத்தியும், தேர்ல இருக்கற பழைய படத்து மேல பெயின்ட் அடிக்க வேணாம்னும் போற போக்குல ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், கடுதாசியும் வாட்ஸப்பும் குமிஞ்சு போச்சு. அதனால இந்த தடவை ஃபுல்லா தேர்தான், சினிமா கேள்வி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

எங்க ஊர் சின்ன தேர்ல சாமி உக்கார்ற இடத்துக்கு மேல, பலகையில பழைய சித்திரங்கள் இருக்கு. ஒண்ணுல கல்யாணக் கோலம், நடுவுல நிக்கிற பொண்ணு நல்ல நீலம். என் பையன் அது மோகினி வேஷத்துல பெருமாள்ங்கறான், பூசாரி மீனாட்சிங்கறாரு. போட்டோ அனுப்பியிருக்கேன். யாரு சொல்றது சரி?
– வாசகி, மதுரை பக்கம்

பூசாரி சொல்றதுதான்மா சரி. கையப் பாருங்க, கிளி இருக்கு. ஆனா அந்தக் கிளியும் நீலமா இருக்கே, அங்கதான் விஷயமே. மீனாட்சியும் பச்சை, கிளியும் பச்சைன்னுதான் வரைஞ்சிருப்பாங்க. அந்தக் காலத்து ஆளுங்க பச்சைக்குன்னு தனியா ஒரு கலர் வாங்கறது குறைவு, அவுரிச் செடியில எடுத்த நீலத்தையும் மஞ்சளையும் கலந்து பச்சை ஆக்கிடுவாங்க. மஞ்சளுக்கு செடியில எடுத்த சாயமோ அரிதாரமோ போடுவாங்க, அரிதாரம்னா ஆர்சனிக் இருக்கற ஒரு கனிமம், வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துப் போகும், செடி மஞ்சளும் அப்படித்தான். கூட இருந்த மஞ்சள் போயிட்டா நீலம் மட்டும் தனியா நிக்கும், அம்மனும் நீலம், கிளியும் நீலம், கீழ இருக்கற வாழ எலையும் நீலம். பக்கத்துல தாரை வாத்துக் குடுக்கற பெருமாள் ஆரம்பத்துலேந்தே நீலம்ங்கறதால உங்க பையன் குழம்பிட்டான், அவன் மேல தப்பு இல்ல.

அதே படத்துல சேலை பார்டர் செவப்பு மட்டும் நேத்து அடிச்ச மாதிரி இருக்கு பாருங்க, அது செங்காவி, மண்ணுல இருக்கற இரும்புத் துரு, வெயில் அத ஒண்ணும் பண்ணாது. புருவமும் கண்ணு மையும் விளக்குக் கரி, அதுவும் அசையாது. இதே செவப்ப சாதிலிங்கத்துல, அதாவது பாதரசம் கலந்த செவப்புல, போட்டிருந்தா வெளிச்சத்துக்கு கறுத்துப் போறதுக்கு சான்ஸ் உண்டு. அப்பறம் உங்க போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன், வலது ஓரத்துல ரீப்பர் கட்டை ஒண்ணு கழண்டு தொங்குது இல்லையா, அது ஒட்டிட்டு இருந்த இடத்துல விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, அம்மன் முழங்கைய ஒட்டி, கிளிப்பச்சைன்னா அப்படியொரு கிளிப்பச்சை! வெளிச்சமே படாத இடம் அது. உங்க பையன அங்க கூட்டிட்டுப் போய் காட்டுங்க. கட்டையத் திருப்பி ஆணி அடிக்கறதா இருந்தா பழைய ஓட்டையிலயே அடிக்கச் சொல்லுங்க.

கும்பாபிஷேகம் வருது. தேர்ல இருக்கற மங்கிப்போன படத்து மேல எனாமல் அடிச்சு புதுசாக்கிடலாம்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம், உபயதாரரும் ரெடி. நீங்க வேணாம்ங்கற மாதிரி எழுதியிருந்தீங்க. சாமி அழுக்குத் தேர்ல போகணுமா?
– விழாக் கமிட்டில ஒருத்தர், தஞ்சாவூர் மாவட்டம்

சார், கோவப்படாதீங்க, நானும் இந்தப் பாவத்தப் பண்ணவன்தான். பதினஞ்சு வருஷம் முன்னாடி எங்க ஊர்ல தேர்க்குதிரைக்கும் முன்னாடி உக்காந்து ஓட்டற பிரம்மாவுக்கும் பெயின்ட் அடிக்க வசூல் பண்ணாங்க, நானும் ஐநூறு ரூபா குடுத்தேன். பளபளன்னுதான் இருந்துச்சு. ரெண்டு மழைக்காலம் போனதும் குதிரை கழுத்துல அப்பளம் மாதிரி உப்பி வந்துச்சு, ஒரு துண்ட உரிச்சுப் பாத்தா எனாமலுக்கு அடியிலயே பழைய கலரும் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. இப்ப அங்க வெறும் மரம்.

காரணம் இதுதான். பழைய வர்ணத்த மரத்துல புடிச்சு வெச்சிருக்கறது பிசினு, வேப்பம்பிசினோ கருவேலம்பிசினோ, அதுக்கு ஈரம் பட்டா இளகும் காஞ்சா இறுகும், மரமும் அது கூடவே கொஞ்சம் விரிஞ்சு கொஞ்சம் சுருங்கும். எனாமல் மேல ரப்பர் ஷீட் மாதிரி மூடிக்கிட்டா உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்ல, அது அடியில இருக்கறத பேத்துக்கிட்டுதான் வரும். அடிச்ச எனாமல பின்னாடி தின்னர் போட்டு எடுக்கலாம்னு சொல்லுவாங்க, எடுத்தா பழசும் சேந்து போயிடும்.

நம்ம தேர்கள்ல பெரும்பாலும் செதுக்கல் வேலைதான் பிரதானம், வர்ணச் சித்திரம் மேல் பலகையிலயும் குதிரையிலயும் துவாரபாலகர்லயும்தான், அதனாலயே அது ஒண்ணு போனா போனதுதான். உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். அதே அளவுல புதுப் பலகை அறுத்து அதுல இப்ப இருக்கற ஓவியர வெச்சு அதே படத்த வரைய சொல்லுங்க, பச்சை எங்க இருந்துச்சுன்னு மேல அந்தம்மாவுக்கு சொன்ன மாதிரி கண்டுபுடிச்சு வரையட்டும், தேரோட்டத்துக்கு அதப் பூட்டுங்க, பழசக் கழட்டி கோயில்லயே நிழலான ஒரு அறையில வையுங்க. உபயதாரர் பேர புதுப் பலகையில எவ்வளவு பெருசா வேணா போட்டுக்கங்க. அழுக்குங்கறீங்களே, திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோட 96 அடின்னு சொல்றோம், அந்த உயரத்துல பாதிக்கு மேல மூங்கிலும் தேர்ச்சீலையும்தான், மரம் கீழ இருக்கறது மட்டும்தான். புதுசா நாலு தொம்பை, அதான் உருளையா தொங்க விடற அலங்காரத் துணி, தைச்சுக் கட்டினாலே உங்க தேர் கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடும் சார்.

எதுக்கும் கைய வெக்கறதுக்கு முன்னாடி அறநிலையத்துறைகிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. எழும்பூர் மியூசியத்துல 1930லேந்தே பழம்பொருள் பாதுகாக்கற கெமிக்கல் லேப் இருக்கு, பெயின்ட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி அங்க ஒரு லெட்டர் போட்டுப் பாருங்க.

தேர் சிற்பத்துக்கு வருஷா வருஷம் இலுப்பெண்ணெய் தடவுவோம். அதயே படத்துலயும் தடவினா பளிச்சுன்னு தெரியுது. தடவலாமா?
– வாசகர், கும்பகோணம்

வேணவே வேணாம் தம்பி. பளிச்சுன்னு தெரியறது ஒரு வாரம், அப்பறம் அந்த எண்ணெயில தூசியும் கற்பூரப் புகையும் ஒட்டி ஒரே கறுப்பா ஆயிடும். வர்ணம் இல்லாத வெறும் சிற்பத்துக்குத் தடவுங்க, படத்துக்கிட்ட வரும்போது நிறுத்திடுங்க. சோப்புத் தண்ணி, ஈரத்துணி, சபீனா எல்லாத்துக்கும் இதே பதில்தான் (சபீனா போட்டுத் தேய்ச்ச கதை ஒண்ணு இந்த வாரமே வந்துச்சு, படிச்சுட்டு அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன்). வர்ணம் மாவு மாதிரி உதிருதுன்னா தூசி கூட தட்டாதீங்க. இன்னொண்ணு, பக்தர்கள் தேரப் பாக்கணும்னு இப்ப ஊர் ஊருக்கு கண்ணாடி மாதிரி ஷீட் போட்டு ஷெட் கட்டறாங்க, பாக்க அழகுதான், ஆனா படத்து மேல காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் வெயில். உள்பக்கமா கெட்டியான காடாத்துணியில ஒரு திரை போட்டாலே பாதிப் பிரச்சனை தீந்துடும்.

பலகை அடியில "பார்த்திப வருஷம் தை மாதம்... உபயம்"னு இருக்கு, மிச்சம் அழிஞ்சுடுச்சு. இத வெச்சு வயசு சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பாதி சொல்லலாம். அறுபது வருஷத்துக்கு ஒருக்கா பார்த்திப வரும், 1885-86, 1945-46, 2005-06. தை மாசம்னா 1886, 1946, 2006 இந்த மூணுல ஒண்ணு. நீ அனுப்புன படத்துல இன்னொரு வரியில "லை" எழுத்து பழைய யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்சிருக்கு, 1978ல எழுத்து மாத்தினதுக்கு முன்னாடி பழக்கத்துல இருந்த வடிவம் அது, அதனால 2006 அநேகமா கிடையாது. மிச்ச ரெண்டுல எதுன்னு கேட்டா, படத்துல இருக்கற வெள்ளைய லேப்ல டெஸ்ட் பண்ணணும். டைட்டானியம் வெள்ளைன்னா 1886ஆ இருக்கவே முடியாது, அந்த வெள்ளை கடைக்கு வந்ததே முதல் உலகப்போர் சமயத்துக்கு அப்பறம்தான். சுண்ணாம்போ சங்குப்பொடியோன்னா ரெண்டுல எது வேணா இருக்கலாம். உன் பாட்டிகிட்ட கேட்டியா?

ஒடிசால பூரி ஜகந்நாதர் கோயில்ல வருஷா வருஷம் தேரயே புதுசா செய்யறாங்களே, அப்ப படம் மங்கற கவலையே இல்லையே?
– வாசகர், சேலம்

இல்லதான். அங்க அட்சய திருதியைக்கு வேலைய ஆரம்பிச்சு மூணு தேரும் புதுசா செஞ்சு, சித்திரக்காரங்க புதுசா வரைஞ்சு, திருவிழா முடிஞ்சதும் பிரிச்சு, மரத்துல பெரும்பகுதி கோயில் மடப்பள்ளிக்கு வெறகாப் போகுது. போன வருஷ ஓவியம் பொங்கச்சோறு ஆயிடும். அதுக்கு தலைமுறை தலைமுறையா அந்த வேலைய மட்டுமே பாக்கற ஆளுங்க இருக்காங்க. உங்க ஊர்ல எத்தன பேர் இருக்காங்கன்னு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடறேன்.